வாட்டிய இலைக்கு மேல் ஐந்தாம் நம்பர் மாஸ்க்

1. முதல் நாள், முதல் வசவு

காரைக்குடியில் மயக்க மருந்து டாக்டராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வசவு வாங்கினேன். தொண்ணூறுகளின் தொடக்கம். மதுரையில் மயக்க மருந்துப் படிப்பான டி.ஏ. முடித்த சூடு ஆறாமல் வந்திருந்தேன். ஆஸ்பத்திரி பெரியது என்று நினைத்துவிட வேண்டாம். இருபது படுக்கை, ஒரே ஆபரேஷன் தியேட்டர், மயக்க வாயு கொடுக்க ஒரு பாயில்ஸ் மெஷின், மாடிப்படிக்கு அடியில் கருவிகளை ஆவியில் அவிக்க ஒரு ஆட்டோகிளேவ். நடத்தியவர் ஒரு சர்ஜன். ஆள் ஆறடி, குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

முதல் கேஸ், தோள்பட்டை விலகிய ஒரு லாரி டிரைவர். எலும்பை இழுத்து உட்கார வைக்க ஐந்து நிமிடம் போதும். இந்த மாதிரிச் சின்ன வேலைக்குத் தொண்டையில் டியூப் போட மாட்டோம். ஊசி போட்டுத் தூங்க வைத்து, கறுப்பு ரப்பர் மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி ஒரு கையால் பிடித்து, மறு கையால் மெஷினில் தொங்குகிற ரப்பர் பேக்கை அமுக்கி ஆக்சிஜன் கொடுத்தே முடித்துவிடுவோம். என் கை சின்னக் கை. வளையல் கடையில் எனக்கு எப்போதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அளவுதான். அந்தக் கை டிரைவருடைய முகத்தில் பாதிக்குத்தான் எட்டியது. கன்னத்தோரம் புஸ்ஸென்று காற்று போனது. பயத்தில் மாஸ்க்கை இன்னும் அழுத்தினேன். அழுத்தினால் தாடை பின்னால் போகும், தாடையோடு நாக்கும் போகும், மூச்சுப் பாதை அடைத்துக்கொள்ளும். பேக் கல்லாக இறுகியது.

மாஸ்க்கை முகத்தின்மேல் அமுக்காதே, முகத்தைத் தூக்கி மாஸ்க்குக்குக் கொடு என்று மதுரையில் நூறு தடவை சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது நினைவுக்கு வந்ததும் இரண்டு கையாலும் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், பேக்கை நீங்க அமுக்குங்க!" என்று கத்தினேன். தியேட்டர் சிஸ்டர் ஆரோக்கியமேரி ஓடி வந்து அமுக்கினார். நெஞ்சு ஏறியது. டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது எனக்குத்தான்.

"என்ன டாக்டரம்மா, மாஸ்க்கு புடிக்க ரெண்டு கை, பேக்கு அமுக்க இன்னொரு ஆளா?" என்றார் சர்ஜன். "ஒங்களுக்கு முன்ன இருந்தவரு ஒத்தக் கையில மாஸ்க்கப் புடிச்சு, மறு கையில பேக்க அமுக்கிக்கிட்டே எங்கிட்ட அரசியல் பேசுவாரு. நீங்க என்னன்னா ரெண்டு கையையும் போட்டுத் தொங்குறீக!"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் கொஞ்சம் அதிகம். அன்று மாலையே ஒரு டென்னிஸ் பந்து வாங்கினேன். பஸ்ஸில், சினிமாவில், சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது என்று எங்கேயும் இடது கையில் பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தேன். வீட்டில் சப்பாத்தி மாவு பிசைகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு ஏக சந்தோஷம், பெண் திருந்திவிட்டாள் என்று.

ஒரு வருடத்தில் கை பழகிவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வளைந்து நிற்கும். மற்ற மூன்று விரலும் தாடை எலும்புக்கு அடியில் போகும். எலும்பில்தான் பிடிக்க வேண்டும், சதையில் பிடித்தால் அதுவே தொண்டையை நெருக்கும். இதெல்லாம் யோசிக்காமலே வர ஆரம்பித்தது. இரண்டாம் வருடம் நானும் ஒற்றைக் கையில் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு சர்ஜனோடு அரசியல் பேசினேன். அவர் சொன்ன கட்சியை வேண்டுமென்றே எதிர்த்துப் பேசினேன்.

2. கல்யாண வீட்டில் என் கண் போன இடம்

இந்த வேலையில் ஒரு நோய் உண்டு. யாரைப் பார்த்தாலும் முகம் தெரியாது, அந்த முகத்துக்கு எந்த அளவு மாஸ்க் என்ற நம்பர்தான் தெரியும். பஸ் கண்டக்டர் நான்காம் நம்பர். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா மூன்றாம் நம்பர், பல் இல்லை, கன்னம் ஒடுங்கியிருக்கிறது, ஓரத்தில் காற்று போகும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தேன். நான்காம் நம்பர், நல்ல தாடை, நீளக் கழுத்து, பிரச்சினையே இருக்காது என்று மனதில் ஓடியது. சம்மதம் சொல்லிவிட்டேன். இன்று வரை அந்தக் கணிப்பில் பாதி சரியாகத்தான் இருக்கிறது.

மானகிரிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் குறிப்பு அதோடு நின்றுவிடும். வெள்ளைப் பணியாரத்தை மட்டும் ஏழு சாப்பிட்டேன் என்று சொல்லி விட்டுவிடுகிறேன். இப்படிச் சமைக்கிற மனுஷன் யார் என்று பார்க்கக் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

அங்கே சமையல் மாஸ்டர் கருப்பையா நின்றுகொண்டிருந்தார். நாச்சியாபுரத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். பீப்பாய் உடம்பு, தோளில் நேராக உட்கார்ந்த தலை, நெஞ்சு வரைக்கும் கருகருவென்று அடர்ந்த தாடி. எனக்குப் பணியாரம் தொண்டையில் நின்றது. மாஸ்க் முகத்தில் ஒட்டாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பட்டியலில் முக்கால்வாசி அங்கே கரண்டியோடு நின்றது. மாதாவே, இந்த மனுஷன் மட்டும் என் டேபிளுக்கு வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மாதா அன்றைக்கு வேறு வேலையாக இருந்திருக்க வேண்டும்.

3. தாடியா, உயிரா

கார்த்திகை மாதம் அவர் வந்தார். பித்தப்பை நிறையக் கல். இரண்டு மாதத்தில் மூன்று தடவை வலி வந்திருந்தது. மூன்றாவது தடவை ஒரு கல்யாண வீட்டில், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்திருக்கிறார். உதவியாட்கள் இழுத்துப் போட்டதால் பிழைத்தார். இனி ஒரு தடவை வந்தால் மஞ்சள் காமாலையிலோ, பை பழுத்து வெடிப்பதிலோ கொண்டுபோய் விடும், உடனே எடுக்க வேண்டும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். வயிற்றின் மேல்பகுதி ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டுச் சமாளிக்க முடியாது, முழு மயக்கம்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் வார்டுக்குப் போனபோது ஒரே சத்தம். சவரம் செய்ய வந்தவர் கத்தியும் கிண்ணமுமாக ஓரத்தில் நிற்கிறார். கருப்பையா கட்டிலில் சம்மணம் போட்டு, தாடியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி முத்தம்மாள் அவருக்கும் கத்திக்கும் நடுவில் நிற்கிறார்.

"கத்தி வயித்துல படட்டுங்கய்யா. எம்புட்டு நீளம் வேணும்னாலும் கிழிங்க. தாடியில படக் கூடாது" என்றார் கருப்பையா.

"யோவ், தாடி மறுபடி மொளைக்கும். உசுரு மொளைக்குமா?" என்றார் சர்ஜன்.

"மகளுக்கு ஏழு வருஷமாப் பிள்ளை இல்ல. பழனியாண்டவருக்கு நேந்துக்கிட்டு முடி வளத்தேன். இப்ப அவ ஆறு மாசம். தைப்பூசத்துக்குப் பழனியில கொண்டுபோய் எறக்க வேண்டிய முடி இது. நட்டாத்துல எடுத்துட்டு, அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா அவ மூஞ்சியில நான் எப்புடி முழிப்பேன்?"

"அப்ப தை மாசம் கழிச்சு வா. இருந்தா பண்ணிவிடுறேன்."

முத்தம்மாள் அழ ஆரம்பித்தார். கருப்பையா மெதுவாகக் கட்டிலிலிருந்து இறங்கி வேட்டியை இறுக்கிக் கட்டினார். போகத்தான் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

எனக்கு மட்டும் வாயைத் திறந்து, சாமி கோவிக்காது, எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நான் பிறந்தபோது பிழைக்க மாட்டேன் என்றார்களாம். அம்மா வேளாங்கண்ணிக்கு என் முடியை நேர்ந்துகொண்டார். எட்டு வயது வரைக்கும் என் தலையில் ஒரு கத்தரிக்கோல் பட விடவில்லை. பேன் புழுத்தபோதுகூட விடவில்லை. எங்கள் வீட்டில் யாராவது அந்த முடியைத் தொட்டிருந்தால் அம்மா என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"டாக்டரம்மா, நீங்க சொல்லுங்க. இந்தத் தாடியில ஒங்க மாஸ்க்கு ஒட்டுமா?" என்றார் சர்ஜன்.

ஒட்டாது. அது எனக்குத் தெரியும். மருந்து கொடுத்த நிமிடத்தில் அவர் மூச்சு நின்றுவிடும். தொண்டையில் டியூப் போகிற வரைக்கும் அந்த மாஸ்க் ஒன்றுதான் அவருக்கு மூச்சு. காற்றெல்லாம் தாடிக்குள் புகுந்து வெளியே போய்விட்டால், டியூப்பும் சட்டென்று போகாவிட்டால், நான்கைந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். அதே சமயம், முடியாது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் அந்தக் கல்லோடும் வலியோடும் எண்ணெய்ச் சட்டிக்கே திரும்பிப் போவார். மதுரைக்கு அனுப்பினால் அங்கேயும் ஒரு சவரக் கத்தி இருக்கும்.

"இன்னைக்கு ஒரு நாள் குடுங்க சார். ஒட்டுதான்னு முழிச்சிருக்கும்போதே பாத்துர்றேன். ஒட்டலைன்னா நானே வேணாம்னு சொல்லிருவேன்" என்றேன்.

4. ஒத்திகை

மதியம் கருப்பையாவைத் தியேட்டர் டேபிளில் படுக்க வைத்தோம். மருந்து எதுவும் இல்லை, வெறும் ஆக்சிஜன்தான். மாஸ்க் முகத்தில் சரியாக ஒட்டியிருந்தால், ஆள் மூச்சு இழுக்கும்போது பேக் சுருங்கும், விடும்போது உப்பும். ஓட்டை இருந்தால் பேக் அசையாது. இந்தச் சோதனைக்குச் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. இளம் டாக்டர்கள் இன்றைக்கும் செய்து பார்க்கலாம்.

இருப்பதில் பெரியதான ஐந்தாம் நம்பர் மாஸ்க்கை எடுத்து வைத்தேன். பேக் துவண்டு தொங்கியது.

தாடியில் வாசலின் தடவினோம். ஒரு பாட்டில் காலி. பேக் கொஞ்சம் அசைந்தது, ஆனால் மாஸ்க் வழுக்குமரம் ஏறுகிறவனைப் போலச் சறுக்கி மூக்குக்கு வந்துவிட்டது. ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு வைத்துப் பார்த்தோம். மொடமொடவென்று நின்று, மடிப்பு மடிப்பாகக் காற்றை விட்டது. புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியை நனைத்து வைத்தோம். அதற்கும் பேக் மசியவில்லை. நான் மாஸ்க்கை அழுத்தினேன், கருப்பையாவின் மூக்கு சிவந்ததுதான் மிச்சம். சிஸ்டர் ஆரோக்கியமேரி ஜெபமாலையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

கருப்பையா மாஸ்க்கை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். தாடி முழுக்க வாசலின் மினுமினுத்தது.

"டாக்டரம்மா, ஒரு சங்கதி கேக்கலாமா? ஒங்களுக்கு ஆவி வெளிய போகக் கூடாது. அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா இம்புட்டு நேரம் எதுக்கு? அண்டாவுல மூடி சரியா உக்காரலன்னா கத்துக்குட்டிதான் மூடி மேல கல்லத் தூக்கி வைப்பான். நீங்களும் அதத்தான் பண்ணுறீக. மூடியில ஒண்ணும் இல்ல. மூடிக்கும் வாய்க்கும் நடுவுல வாட்டின வாழையிலையப் போட்டா அது துணி கணக்காப் படிஞ்சுரும். சொட்டு ஆவி போகாது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வேலை பேசுகிற முகத்தோடு மனைவி பக்கம் திரும்பினார். "ஏலா முத்தம்மா, ஆசுபத்திரிக்குப் பின்னாடி வாழை நிக்குது பாரு. குருத்து வேணாம், கிழியும். முத்தலும் வேணாம், வெறைக்கும். நடுவாந்தரமா ஒண்ணு அறுத்துட்டு வா."

ஊசி கொதிக்க வைக்கிற ஸ்டவ்வில் இலையை வாட்டினோம். வாட்டினோம் என்றால் முத்தம்மாள் வாட்டினார், கருப்பையா டேபிளில் உட்கார்ந்து அதட்டினார். "கருக்கிறாத! அனலக் காட்டுனாப் போதும். நெறம் மாறுது பாரு, எடு, எடு!" நடு நரம்பைச் சீவி எடுக்கச் சொன்னார். மூக்கும் வாயும் வருகிற இடத்தில் சிஸ்டர் கத்தரியால் ஓட்டை வெட்டினார். கீழே வாசலின், அதன்மேல் இலை, இலைமேல் மாஸ்க். என் விரலுக்கு அடியில் இலை தாடியோடு படிந்து உட்காருவது தெரிந்தது.

பேக் சுருங்கியது. உப்பியது. மறுபடி சுருங்கியது.

"டாக்டர், பேக்கு மூச்சு விடுது!" என்று கத்தினார் ஆரோக்கியமேரி. ஆபீஸ் கிளார்க்கிலிருந்து தரை துடைக்கிற அம்மா வரைக்கும் எல்லோரும் தியேட்டர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் அந்த பேக்கைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். வெட்கப்படவில்லை.

மாஸ்க்குக்குள்ளிருந்து கருப்பையாவின் குரல் வந்தது. "டாக்டரம்மா, எலை வாசத்துக்குப் பசிக்குது."

5. சர்ஜன் பேக் அமுக்கிய காலை

மறுநாள் காலை சர்ஜன் கை கழுவப் போகும்போது நான் மறித்தேன். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது. டென்னிஸ் பந்தோடு பாடுபட்ட எனக்கு அதைச் சொல்வது லேசாக இல்லை.

"சார், இப்பக் கை கழுவாதீங்க. இவருக்கு எனக்கு ரெண்டு கையும் வேணும். டியூப் போற வரைக்கும் நீங்க பக்கத்துல நின்னு பேக்கை அமுக்கணும்."

"நானா?"

"உங்க கைதான் பெரிசு."

அவர் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு வந்து நின்றார்.

விழித்திருக்கிற முகம் வேறு, தூங்குகிற முகம் வேறு. தூங்கியதும் கன்னமும் தாடையும் தளர்ந்துவிடும், முந்தின நாள் ஒட்டிய இடம் அன்றைக்கு ஒட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் முதலில் அன்று காலை வாட்டிய புது இலையை வைத்து, ஐந்து நிமிடம் ஆக்சிஜனை நன்றாக இழுக்க வைத்தேன். கருப்பையா கண்ணை மூடி முருகா, முருகா என்று இலைக்குள் முனகினார். தூக்க ஊசி போனதும் முனகல் நின்றது.

ஒற்றைக் கையில் பிடித்துப் பார்த்தேன். கன்னத்தோரம் இலை லேசாகத் தூக்கியது. உடனே இரண்டு கைக்கும் மாறினேன். கட்டைவிரல்கள் மாஸ்க்கின் இரண்டு பக்கமும், மற்ற விரல்கள் காதுக்குக் கீழே தாடையின் கோணத்திலும். தாடையைத் தூக்கி மாஸ்க்குக்குக் கொடுத்தேன்.

"அமுக்குங்க சார்."

நெஞ்சு அழகாக ஏறி இறங்கியது. அந்த ஏற்றத்தைப் பார்த்த பிறகுதான் தசையைத் தளர்த்துகிற ஸ்கோலின் ஊசியைப் போடச் சொன்னேன். ஒரு நிமிடம் கழித்து மாஸ்க்கை எடுத்துவிட்டு, தொண்டைக்குள் பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பை உள்ளே விட்டேன்.

ஒன்றும் தெரியவில்லை. குரல் நாண் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் சதை. நிமிர்த்திப் பார்த்தேன், தூக்கிப் பார்த்தேன். குரல்வளை எங்கேயோ முன்னால் ஒளிந்துகொண்டிருந்தது. டியூப்பைக் குருட்டாம்போக்கில் தள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் சத்தம் இறங்க ஆரம்பித்தது. தொண்ணூற்றாறு. தொண்ணூற்று மூன்று. கருப்பையா செத்துவிடுவாரோ என்று அந்த ஒரு கணம் நிஜமாகவே பயந்தேன்.

"மாஸ்க்!"

இலை வைத்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் மாஸ்க்கை வைத்து, தாடையைத் தூக்கினேன். சர்ஜன் பயத்தில் பேக்கை ஒரே அமுக்காக அமுக்கினார்.

"மெதுவா சார்! வயித்துக்குள்ள காத்துப் போயிரும். நெஞ்சு ஏறுனாப் போதும், நிறுத்திருங்க!"

"சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார் சர்ஜன். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன் கேட்டதில்லை.

காற்று ஒரு சொட்டு வெளியே போகவில்லை. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றொன்பது. சத்தம் மேலே ஏறியதும் எனக்கு நிதானம் வந்துவிட்டது. அவசரமே இல்லை, இந்த இலை இருக்கிற வரைக்கும் இவரை நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மூச்சு விட வைப்பேன் என்று தோன்றியது. தலைக்கு அடியில் இன்னொரு துணி மடித்து வைத்தேன். டியூப்புக்குள் கம்பி விட்டு நுனியை வளைத்தேன். சிஸ்டரைக் கழுத்தின்மேல் லேசாக அழுத்தச் சொன்னேன். இரண்டாம் தடவை குரல் நாணின் கீழ் ஓரம் ஒரு கீற்று தெரிந்தது. அதற்குள் டியூப்பை நுழைத்தேன். ஸ்டெத்தில் நெஞ்சின் இரண்டு பக்கமும் காற்றுச் சத்தம் ஒரே மாதிரி கேட்டது.

சர்ஜன் கையை உதறினார். "எனக்குக் கை வலிக்குது. நீங்க தெனமும் இதத்தான் பண்ணுறீகளா?"

"நான் அரசியலும் பேசுவேன் சார்."

அவர் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார். அதற்குப் பிறகு நான் இரண்டு கை போட்டபோதெல்லாம் அவராகவே வந்து பேக்குக்குப் பக்கத்தில் நின்றார்.

பித்தப்பை கல்லும் கசடுமாக வந்தது. முடித்துவிட்டு டியூப்பை அவசரப்பட்டு எடுக்கவில்லை. கருப்பையா நன்றாகக் கண் திறந்து, சொன்னதும் தலையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் எடுத்தேன். அவர் முதலில் செய்த காரியம், கையைத் தூக்கித் தாடியைத் தடவிப் பார்த்தது. நுனி வரைக்கும் தடவினார். பிறகு கரகரத்த குரலில், "எலை தாங்குச்சா?" என்று கேட்டார்.

"தாங்குச்சு."

"நடுவாந்தர எலை" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

டியூப் போக ஏன் அவ்வளவு சிரமமாக இருந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். தடித்த உடம்பு, குட்டைக் கழுத்து என்று எழுதினேன். முந்தின நாள் முத்தம்மாள், "கொறட்டைன்னா கொறட்டை, தெரு நாயெல்லாம் எந்திரிச்சுரும்" என்று சொன்னதையும் தடித்த உடம்பின் கணக்கிலேயே சேர்த்தேன்.

6. பழனியிலிருந்து வந்த முகம்

தைப்பூசம் முடிந்த வாரம். ஓ.பி.யில் ஆள் நிறைந்திருந்தது. பஞ்சாமிர்த டப்பாவோடு ஒருவர் என் முன்னால் வந்து நின்று கும்பிட்டார். மொட்டைத் தலையில் சந்தனம். முகத்தில் ஒரு முடி இல்லை. யார் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் முத்தம்மாளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"நடந்தா போனீங்க?" என்று கேட்டேன், சர்ஜன் நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால்.

"நடக்கல டாக்டரம்மா. நடந்து போறவுகளுக்குச் சோறு பொங்குற லாரியில போனேன். எறங்கி எறங்கிப் பொங்குனேன். முடியக் குடுத்துட்டேன். மக நல்லா இருக்கா, மாசியில பொறந்துரும்னு சொல்லியிருக்காக."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த முகத்தில் மோவாய் இல்லை. கீழ் உதட்டிலிருந்து கழுத்து அப்படியே சரிந்து இறங்கியது. இத்தனூண்டு தாடை. சிறிய தாடை என்றால் குறட்டை வரும், குரல்வளை முன்னால் ஒளிந்துகொள்ளும், டியூப் போடுவது சிரமம். முதல் வருடப் பாடம். மோவாய்க்கும் தொண்டை முடிச்சுக்கும் நடுவில் மூன்று விரல் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் உஷார் என்று அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மதியம் முழுக்க அந்த முகத்தைப் பிசைந்த நான், காற்று போகிறதா என்று முடியை மட்டும் பார்த்திருக்கிறேன். மயங்கிய பிறகு தாடையைத் தூக்கியபோதும் காதோரத்துக் கோணத்தைத்தான் பிடித்திருந்தேன். முடிக்கு அடியில் விரலை விட்டுப் பார்க்கவே இல்லை. சர்ஜன் சொன்னபடி சவரம் செய்திருந்தால் எனக்குக் கண்ணிலேயே பட்டிருக்கும். அந்த அளவில் அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

இலை தாங்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலேயே நிமிடக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சர்ஜன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னய்யா கருப்பையா, மூஞ்சியில பாதியப் பழனியிலயே விட்டுட்டு வந்துட்டியா?"

ஓ.பி. முழுக்கச் சிரித்தது. கருப்பையாவும் சிரித்தார்.

"நீங்க எதுக்கு டாக்டரம்மா இப்புடிப் பாக்குறீக?" என்றார் முத்தம்மாள். "இவுக வீட்டுல எல்லாருக்கும் இப்புடித்தான். அண்ணந்தம்பி மூணு பேருக்கும் மோவாக்கட்டையே கெடையாது. தாடி வச்சப்பறந்தான் இவுக பாக்குற மாதிரி இருந்தாக."

"இதை ஏம்மா எங்கிட்ட அன்னைக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலையே. தாடியப் பத்தித்தானே கேட்டுக்கிட்டு இருந்தீக."

நான் எழுந்து போய், அத்தனை பேர் முன்னாலும் கருப்பையாவின் மோவாய்க்கு அடியில் விரலை வைத்து அளந்தேன். இரண்டு விரல்கூட நிற்கவில்லை. அவர் கழுத்தை வாகாக நீட்டிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் அடங்கவில்லை. உயிரோடு என் முன்னால் நின்று பஞ்சாமிர்த டப்பாவை நீட்டிக்கொண்டிருந்த அந்த முகத்தை அதுவரை பார்த்த எந்த முகத்தைவிடவும் எனக்குப் பிடித்திருந்தது.

மயக்க மருந்து படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மாஸ்க் ஒட்டவில்லை என்றால் அமுக்காதீர்கள், தாடையைத் தூக்குங்கள். ஒரு கை போதவில்லை என்றால் இரண்டு கை போடுங்கள், பேக்கை அமுக்க ஆளைக் கூப்பிடுங்கள், அது யாராக இருந்தாலும் கூப்பிடுங்கள். தாடியைப் பார்த்தால் கையை அதற்குள் விட்டு எலும்பைத் தேடுங்கள். கை விட வெட்கமாக இருந்தால் அவர் வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள். அவருக்குத் தெரியும்.